சாரம்

ஆட்டுக்கறிக் கடையில் நுரையீரலோடு சேர்ந்து ஒரு குழாய் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளையும் இளஞ்சிவப்பும் கலந்த நிறம். மேலிருந்து கீழ்வரை வரிவரியாய் வளையங்கள். அடுத்த முறை போகும்போது அதில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி, விரல்களுக்கிடையே நசுக்கிப் பாருங்கள். அமுங்கும்; விட்டதும் பழையபடி விரிந்துகொள்ளும். குறுக்கே வெட்டினால் இன்னொன்று தெரியும். வளையம் முழு வட்டமாக இருக்காது. குதிரை லாடம்போல ஒரு பக்கம் திறந்திருக்கும். திறந்த பக்கத்தை மெல்லிய தசை மூடியிருக்கும். அந்தத் தசையை ஒட்டினாற்போலப் பின்னால் உணவுக்குழாய் ஓடுகிறது. பெரிய கவளம் ஒன்று இறங்கும்போது தசைப் பக்கம் சற்றே விட்டுக்கொடுத்து வழிவிடும். முன்பக்கத்துக் குருத்தெலும்போ விறைப்பாக நின்று, எவ்வளவு வேகமாக மூச்சை இழுத்தாலும் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் காக்கும்.

நம்முடைய மூச்சுக்குழாயும் இதே அமைப்புதான். வளர்ந்தவர்களுக்கு 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளம். ஏறத்தாழ அரைச் சாண். அதற்குள் 16 முதல் 20 லாடங்கள். உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் நாற்றுப்போல நெருக்கமாக நின்று, நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் ஒரே திசையில் அடிக்கின்றன. நாம் உள்ளிழுத்த தூசியும் கிருமியும் சளியில் ஒட்டிக்கொள்ள, அந்தச் சளியை இந்த இழைகள் இரவும் பகலும் தொண்டையை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. நாமும் அறியாமலே அதை விழுங்கிக்கொண்டே இருக்கிறோம். இந்த வேலை ஒருநாள் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதைச் சிலர் அனுபவித்தே தெரிந்துகொள்ள நேர்ந்தது. அவர்கள் கதையைப் பிறகு சொல்கிறேன்.

சிறுநீரகத்தை 1954-இல் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு வெற்றிகரமாக மாற்றினார்கள். இதயத்தை 1967-இல் மாற்றினார்கள். ஆனால் இந்த அரைச் சாண் குழாயை அதன் இரத்த நாளங்களோடு முழுசாக எடுத்து இன்னொருவருக்குப் பொருத்தியது 2021 ஜனவரியில்தான். நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவமனையில் எரிக் ஜெண்டன் தலைமையில் 18 மணி நேரம் நடந்த அறுவை சிகிச்சை அது. இவ்வளவு தாமதத்துக்குக் காரணம் இரத்தம். சிறுநீரகத்துக்குத் தடித்த தமனி ஒன்று உண்டு. அதைத் தைத்து இணைத்தால் போதும். மூச்சுக்குழாய்க்கு அப்படி ஒரு பெரிய நாளம் கிடையாது. கழுத்திலும் மார்பிலும் அக்கம்பக்கத்தில் ஓடும் நாளங்களிலிருந்து நூலிழை போன்ற கிளைகள் பல, அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பக்கவாட்டில் வந்து நுழைகின்றன. குழாயைப் பெயர்த்தெடுத்தால் அத்தனையும் அறுந்துபோகும்.

இந்த அத்தியாயம் முழுவதற்கும் இதை மட்டும் நினைவில் வைத்திருங்கள்: இரத்தம் எட்டாத இடத்தில் உயிரணு வாழாது. மிக அருகிலுள்ள இரத்த நுண்குழாயிலிருந்து 0.1 அல்லது 0.2 மில்லிமீட்டர் தொலைவுக்குத்தான் ஆக்சிஜன் ஊறிச் சென்று சேரும். இரண்டு ஏ4 தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் வரும் தடிமன் அது.

மூச்சுக்குழாய் பல விதங்களில் கெடுகிறது. பிறவியிலேயே ஒடுங்கியிருக்கலாம். புற்றுநோய் அரிக்கலாம். காசநோய் ஆறிய இடத்தில் தழும்பு இறுகிக் குழாயை நெரிக்கலாம். பல நாள் வென்டிலேட்டரில் இருந்தவர்களுக்கும் இது நேரும். தொண்டைக்குள் செருகிய குழாயைச் சுற்றிக் காற்றடைத்த சிறு பலூன் ஒன்று இருக்கும். அதன் அழுத்தம் மிஞ்சினால் உட்சுவரின் நுண்ணிய இரத்த ஓட்டம் நின்று, அந்த இடம் புண்ணாகி, ஆறும்போது சுருங்கிவிடும். ஒடுக்கம் சின்னதாக இருந்தால் அந்தத் துண்டை வெட்டியெடுத்து இரு முனைகளையும் இழுத்துத் தைத்துவிடலாம். பெரியவர்களுக்குப் பாதி நீளம், குழந்தைகளுக்கு மூன்றில் ஒரு பங்கு வரை இப்படிச் செய்ய முடியும். அதற்குமேல் போனால் முனைகள் எட்டாது.

குழந்தைகள் விஷயத்தில் கணக்கு இன்னும் கொடியது. பிறந்த குழந்தையின் மூச்சுக்குழாய் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் விட்டம்தான். உட்சுவர் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் வீங்கினால் விட்டம் பாதியாகிவிடும். காற்று சீராக ஓடும் குழாயில் ஆரம் பாதியானால் தடை இரண்டு மடங்கோடு நிற்பதில்லை, பதினாறு மடங்காகிறது. வளர்ந்தவருக்கு லேசான இளைப்பாக முடியும் ஒரு வீக்கம், சிசுவுக்கு உயிர்ப்பிரச்சினை.

வெட்டித் தைக்க முடியாதவர்களுக்குப் புதுக் குழாயே செய்து கொடுத்தால் என்ன? திசுப் பொறியியல் இந்தக் கேள்விக்குத்தான் விடை தேடியது. ராபர்ட் லாங்கர், ஜோசப் வக்கான்டி என்ற இருவர் 1993-இல் 'சயன்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை இத்துறைக்குக் கடைக்கால் போட்டது. அவர்கள் சொன்ன உத்தியைக் கொத்தனாரிடம் சொன்னால் உடனே புரிந்துகொள்வார். சுவர் எழும்பும்வரை சவுக்குக் கம்பும் கயிறும் கொண்டு சாரம் கட்டுகிறோம். சுவர் தானாக நிற்கும் நிலைக்கு வந்ததும் அவிழ்த்துவிடுகிறோம். உடலுக்குள்ளும் அதையே செய்யலாம். கரையக்கூடிய ஒரு பொருளில் உறுப்பின் வடிவத்தை அமைத்து, அதன்மேல் உயிரணுக்களைக் குடியேற்றினால், அவை பெருகித் தங்கள் சொந்தத் திசுவைக் கட்டிக்கொள்ளும். சாரம் மெல்லக் கரைந்து மறையும்.

குடியேறும் உயிரணுக்களாக ஸ்டெம் செல்களை எடுத்துக்கொண்டார்கள். தமிழில் இவற்றைக் குருத்தணு என்கிறோம். எனக்கு மிகவும் பிடித்த கலைச்சொற்களில் ஒன்று. வாழையின் நடுவிலிருந்து சுருண்டு எழும் குருத்து இன்னும் விரியாதது. இலை அதிலிருந்துதான் வரவேண்டும். குருத்தணுவும் அப்படியே. எலும்பு மச்சையில் இருக்கும் ஒருவகைக் குருத்தணுவை ஆய்வகத்தில் தகுந்த ஊட்டமும் சமிக்ஞைகளும் தந்து சில வாரம் வளர்த்தால் எலும்பாகவோ குருத்தெலும்பாகவோ கொழுப்பாகவோ மாற்ற முடியும். சில வாரம் என்பதையும் தகுந்த சமிக்ஞை என்பதையும் அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

பார்சிலோனாவில் 2008 ஜூனில் ஓர் அறுவை சிகிச்சை நடந்தது. காசநோயால் இடது நுரையீரலுக்குப் போகும் மூச்சுக்கிளை நெரிந்துபோன 30 வயதுத் தாய்க்கு, இறந்த ஒருவரிடமிருந்து எடுத்த மூச்சுக்குழாய்த் துண்டு பொருத்தப்பட்டது. அந்தத் துண்டை ஆறு வாரம் திரும்பத் திரும்பச் சலவை செய்து, கொடையாளியின் உயிரணுக்களை எல்லாம் கழுவி, வெறும் நார்க்கூடாக ஆக்கியிருந்தார்கள். அதன்மேல் அந்தப் பெண்ணின் உடலிலிருந்தே எடுத்து வளர்த்த உயிரணுக்களை ஏற்றினார்கள். தன் உயிரணுக்களே என்பதால் உடல் அதை அந்நியமாக நினைக்காது. நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்து தேவையில்லை. அறுவை சிகிச்சை செய்த மருத்துவர் பவுலோ மக்கியாரினியின் பெயர் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. 'லான்செட்' இதழில் கட்டுரை வெளியானது. ஆய்வகத்தில் வளர்த்த உறுப்புகளின் காலம் வந்துவிட்டதாகப் பலரும் நம்பினார்கள்.

கட்டுரை சொன்னது வேறு, அந்தப் பெண்ணின் உடல் பட்டது வேறு. சில மாதங்களிலேயே பொருத்திய துண்டு ஒடுங்கத் தொடங்கி, ஸ்டென்ட் என்ற தாங்குகுழலை வைத்துத் திறந்து வைக்க வேண்டியிருந்தது. பின்னாளில் அந்த நுரையீரலையே எடுத்துவிட்டார்கள். 'லான்செட்' அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது 2023-இல். நடுவில் பதினைந்து ஆண்டுகள் போய்விட்டன.

அந்தப் பதினைந்து ஆண்டுகளுக்குள் இதைவிடப் பெரிய கொடுமை ஒன்று நடந்தது. மருத்துவ நோபல் பரிசை யாருக்குத் தருவது என்று முடிவு செய்யும் கரோலின்ஸ்கா நிறுவனம் மக்கியாரினியை ஸ்டாக்ஹோமுக்கு அழைத்துக்கொண்டது. இந்த முறை கொடையாளியின் குழாய்கூட வேண்டாம் என்றார் அவர். லண்டன் ஆய்வகம் ஒன்றில் பிளாஸ்டிக்கில் மூச்சுக்குழாய் வடிவம் செய்யப்பட்டது. நோயாளியின் எலும்பு மச்சையிலிருந்து எடுத்த உயிரணுக்களை அதன்மேல் ஊற்றி 36 மணி நேரம் சுழலவிட்டு, 2011 ஜூனில் ஒருவருக்குப் பொருத்தினார்கள். சில வாரம் தேவைப்படும் ஒரு மாற்றம் ஒன்றரை நாளில் நடக்கும் என்று எந்த ஆதாரத்தை வைத்து நம்பினார்கள்? விலங்குகளில் முறையாகச் சோதித்துப் பார்க்காமலே அந்தக் குழாய் மனிதரின் மார்புக்குள் போனது.

உள்ளே என்ன நடந்தது என்பதைச் சொல்ல நாம் முதலில் பார்த்த பாடமே போதும். பிளாஸ்டிக் சுவருக்குள் இரத்தக் குழாய் கிடையாது. ஊற்றிய உயிரணுக்களுக்கு ஆக்சிஜன் வரவில்லை; அவை மடிந்தன. இரு முனைகளிலும் தையல் போட்ட இடம் திசுவோடு பற்றிக்கொள்ளவில்லை, தளர்ந்து பிரிந்தது. மூச்சுக்குழாய் உடலுக்குள் இருந்தாலும் வெளியுலகத்தோடு தொடர்புள்ள இடம். ஒவ்வொரு மூச்சிலும் கிருமி வரும். அவை பிளாஸ்டிக்கின்மேல் பாசிபோலப் படிந்தன. சளியை மேலே தள்ளும் இழைகள் அங்கே முளைக்கவேயில்லை. ஸ்டாக்ஹோமில் இந்தக் குழாய் பொருத்தப்பட்ட மூன்றாமவர் ஓர் இளம்பெண். அவர் பல ஆண்டுகள் மருத்துவமனையிலேயே கிடந்தார். சில மணி நேரத்துக்கு ஒருமுறை சளியை உறிஞ்சி எடுத்தால்தான் மூச்சு விட முடியும் என்ற நிலை. மூவரும் இறந்தார்கள்.

இந்த அறுவை சிகிச்சைகள் நடந்த ஸ்டாக்ஹோம் மருத்துவமனையின் மருத்துவர்கள் நால்வர் நோயாளிகளின் மருத்துவக் குறிப்புகளையும் வெளியான கட்டுரைகளையும் அருகருகே வைத்துப் படித்தார்கள். கட்டுரையில் நலமாக இருந்தவர் குறிப்பேட்டில் செத்துக்கொண்டிருந்தார். 2014-இல் அவர்கள் புகார் கொடுத்தார்கள். வெளியிலிருந்து வந்த விசாரணையாளர் 2015-இல் முறைகேடு உண்டு என்றார். நிறுவனம் இல்லை என்று தீர்மானித்தது. ஸ்வீடன் தொலைக்காட்சியில் ஆவணப்படம் வந்த பிறகே, 2016-இல், மக்கியாரினி நீக்கப்பட்டார். நிறுவனத்தின் துணைவேந்தரும் பதவி விலகினார். 2023 ஜூனில் ஸ்வீடனின் மேல்முறையீட்டு நீதிமன்றம் மூன்று நோயாளிகள் மீதும் கொடுங்காயம் விளைவித்த குற்றத்துக்காக அவருக்கு இரண்டரை ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. வேலையையும் பெயரையும் பணயம் வைத்த அந்த நால்வரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மருத்துவத்தின்மேல் நம்பிக்கை திரும்புகிறது.

இந்தக் கதையோடு துறையே முடிந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. அதே காலத்தில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வேறொரு விதமாக யோசித்தார்கள்.

சில குழந்தைகளுக்கு மூச்சுக்குழாயின் குருத்தெலும்பு போதிய விறைப்பில்லாமல் அமைந்துவிடுகிறது. மூச்சை வெளியே விடும்போது, ஈரத்துணிக் குழாய்போலச் சுவர்கள் ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலான குழந்தைகளுக்கு இரண்டு மூன்று வயதுக்குள் குருத்தெலும்பு கெட்டிப்பட்டுத் தானாகச் சரியாகிவிடும். கடுமையாகத் தாக்கப்பட்ட சிலருக்கு அந்த இரண்டு மூன்று வருடத்தைத் தாண்டுவதுதான் பிரச்சினை. காது மூக்கு தொண்டை மருத்துவர் கிளென் கிரீனும் பொறியாளர் ஸ்காட் ஹாலிஸ்டரும் இந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டார்கள். புதுக் குழாய் எதற்கு? இருப்பது உயிருள்ள குழாய். இரத்தம் ஓடுகிறது, இழைகள் அடிக்கின்றன. விறைப்பு ஒன்றுதான் குறை. வெளியிலிருந்து மூன்று வருடம் தாங்கிப் பிடித்தால் போதும்.

2012 பிப்ரவரியில், சில மாதமே ஆன ஒரு குழந்தையின் சி.டி. ஸ்கேன் படத்தை வைத்து அதன் மூச்சுக்கிளைக்குச் சரியாகப் பொருந்தும் ஒரு தாங்கியைக் கணினியில் வரைந்தார்கள். பாலிகாப்ரோலாக்டோன் என்ற பொருளின் தூளை லேசர் கதிரால் அடுக்கடுக்காக உருக்கி ஒட்டி அச்சிட்டார்கள். உடலுக்குள் ஏறத்தாழ மூன்று ஆண்டில் மெல்லக் கரைந்து போகும் பொருள் அது. தாங்கியின் வடிவத்தைக் கேட்டால் நீங்களே சிரித்துக்கொள்வீர்கள்: லாடம். ஒரு பக்கம் திறந்திருப்பதால் குழந்தை வளர வளர அதுவும் விரிந்து கொடுக்கும். பக்கங்களில் தையலுக்கான சிறு துளைகள். மருத்துவர் அதைத் துவண்ட குழாயின் வெளிப்புறத்தில் மாட்டி, துளைகளின் வழியாக நூலைக் கோத்துக் குழாயின் சுவரைத் தாங்கியோடு சேர்த்துக் கட்டினார். கொட்டாய்க்குத் துணியை மூங்கிலில் இழுத்துக் கட்டுவதுபோல. கட்டி முடித்ததும் அதுவரை அசையாத அந்தப் பக்கத்து நுரையீரல் மேலும் கீழும் அசையத் தொடங்கியது. 21 நாளில் குழந்தையை வென்டிலேட்டரிலிருந்து எடுத்துவிட்டார்கள். 2015-இல் வெளியான அடுத்த கட்டுரையில் மூன்று குழந்தைகளின் கதை இருந்தது. மூவருக்கும் தாங்கி வேலை செய்தது.

இதில் குருத்தணு எங்கே என்று கேட்கலாம். உடலிலேயே இருக்கிறது. மூச்சுக்குழாயின் உட்சுவரில் அடியோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும் அடித்தள உயிரணுக்கள்தான் அந்த இடத்தின் குருத்தணுக்கள். கடும் சளிக் காய்ச்சலில் மேல்படலம் உரிந்துபோனால் அவைதான் பெருகி மறுபடி இழைகளும் சளியணுக்களுமாக ஆகின்றன. அவற்றுக்கு வேண்டியது இரத்தமும் நிற்க ஓரிடமும். ஜப்பானில் ஒரு குழு 2002-லேயே, தைராய்டு புற்றுநோயால் மூச்சுக்குழாயின் ஒரு பகுதியை இழந்த நோயாளிக்கு, கொலாஜன் பஞ்சு ஏற்றிய வலை ஒன்றை ஒட்டுப்போல வைத்தது. குழாயின் மீதிச் சுற்று உயிரோடு இருந்ததால், விளிம்பிலிருந்து உயிரணுக்கள் ஊர்ந்து வந்து ஒட்டை மூடிக்கொண்டன. பாய் கிழிந்த இடத்தில் ஓரத்துக் கோரையைக் கொண்டே பின்னிக் கொள்வதைப் போன்றது இது. விளிம்பு எட்டும் தூரம்வரைதான் இந்த உத்தி செல்லும். முழுக் குழாய்க்கு இது போதாது.

முழுக் குழாய்க்கு என்ன வழி? பெல்ஜியத்தின் லூவென் நகரில் பியர் டெலேர் பொறுமையான ஒரு வழியைக் கண்டார். கொடையாளியின் மூச்சுக்குழாயை நேரே கழுத்தில் வைக்காமல், முதலில் நோயாளியின் முன்னங்கைத் திசுவுக்குள் பொதிந்து வைத்தார். மாதக்கணக்கில் அங்கே இருந்து, முன்னங்கை நாளங்களிலிருந்து புதிய இரத்தக் குழாய்கள் அதற்குள் ஊடுருவிய பிறகு, அந்த நாளங்களோடு சேர்த்து எடுத்துக் கழுத்துக்கு மாற்றினார். 2010-இல் இது வெளியானது. மக்கியாரினியின் கூற்றுகளை ஆரம்பத்திலேயே கேள்வி கேட்டவரும் இதே டெலேர்தான். இரத்தத்துக்காக மாதக்கணக்கில் காத்திருந்தவருக்கு, 36 மணி நேரக் கதையை நம்ப முடியாமல் போனதில் வியப்பில்லை.

பிரான்சில் இமானுவல் மார்டினோவின் குழு உறைய வைத்த பெருந்தமனித் துண்டை ஸ்டென்டின் தாங்கலோடு மூச்சுக்குழாயின் அல்லது மூச்சுக்கிளையின் இடத்தில் வைத்தது. 2018-இல் அவர்கள் வெளியிட்ட கணக்கில் 13 பேருக்கு இப்படிச் செய்திருந்தார்கள். ஏறத்தாழ நான்கு ஆண்டுக்குப் பிறகு 10 பேர் உயிரோடு இருந்தார்கள், அவர்களில் 8 பேர் ஸ்டென்டை எடுத்த பிறகும் தாமாக மூச்சு விட்டார்கள். தமனியில் குருத்தெலும்பு கிடையாது. ஆனால் அந்தச் சாரத்துக்குள் நோயாளியின் உடலே புதிதாகக் குருத்தெலும்பை வளர்த்திருந்தது. எப்படி வளர்த்தது என்பது இன்னும் முழுதாக விளங்கவில்லை. இத்துறையில் என்னை மிகவும் வியக்கவைத்த செய்தி இதுவே.

தென்கொரியாவின் சோல் நகரில் 2023-இல், தைராய்டு புற்றுநோய் அறுவையில் மூச்சுக்குழாயின் ஒரு பகுதியை இழந்த பெண்ணுக்கு, உயிரணுக்களையும் சேர்த்தே அச்சிட்ட மூச்சுக்குழாய்த் துண்டைப் பொருத்தினார்கள். விறைப்புக்கு அதே பாலிகாப்ரோலாக்டோன். அதனோடு கூழ்போன்ற மையில் கலந்த குருத்தெலும்பு அணுக்களும் சளிப்படலக் குருத்தணுக்களும். உயிரணுக்கள் வேறொருவருடையவை என்றாலும் எதிர்ப்பை அடக்கும் மருந்து தரப்படவில்லை. நல்ல தொடக்கம். ஆனால் ஒரே நோயாளி. பார்சிலோனாவின் முதல் ஆண்டும் இப்படித்தான் நம்பிக்கையாகத் தெரிந்தது என்பதை மறக்காமல், ஐந்து ஆண்டு பொறுத்துத்தான் மதிப்பிட வேண்டும்.

என் கருத்தைக் கேட்டால், சாரம் என்ற சொல்லை மதித்தவர்கள் பிழைக்க வைத்தார்கள். சாரத்தையே வீடு என்று விற்றவர்களிடம் நோயாளிகள் உயிரை இழந்தார்கள்.

இதைப் படிப்பவர்களில் யாராவது, நுரையீரலுக்கோ மூட்டுக்கோ மூளைக்கோ ஸ்டெம் செல் சிகிச்சை என்ற விளம்பரத்தைப் பார்த்துக் கடன் வாங்கிக்கொண்டு கிளம்பத் தயாராக இருக்கலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைப்படி, இரத்த நோய்களுக்கான இரத்தக் குருத்தணு மாற்றைத் தவிர மற்ற எந்தக் குருத்தணுச் சிகிச்சையும் வழக்கமான சிகிச்சை ஆகாது. அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே நடக்கலாம். ஆய்வு என்றால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அதற்கு ஒரு பதிவு எண் இருக்கும். அந்தப் பதிவேட்டை இணையத்தில் யாரும் பார்க்கலாம். ஆய்வில் சேரும் நோயாளியிடம் சிகிச்சைக்குப் பணம் கேட்கக் கூடாது. எண்ணைக் கேளுங்கள், வீட்டுக்கு வந்து சரிபாருங்கள். எண் இல்லை என்றாலோ, இலட்சக்கணக்கில் கட்டச் சொன்னாலோ, படிவத்தில் கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிடுங்கள்.